நாம மாஸ்டர்

அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு அவர் வாய்தான் காரணம். வேலை, ஓட்டுநர் பள்ளியில். வண்டி ஓட்டிப் பழக வருகிறவர்களிடம் ஒருநாளும் அவர் 'பிரேக் போடுங்க' என்று மொட்டையாகச் சொன்னது கிடையாது. 'நாம இப்ப மெதுவா பிரேக் போடுறோம்' என்பார். 'நாம இங்க திரும்புறோம்' என்பார். 'நாம ஏன் அந்த லாரிகிட்ட போறோம்? நமக்கு அவர்கிட்ட என்ன வேலை?' என்பார். ஒரு விதத்தில் அது நிஜமும்கூட. பழகும் வண்டியில் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. ஸ்டியரிங் அவர்கள் கையில் இருக்கும். ஆபத்து என்றால் கால் இவருடையது. தாங்கள் ஓட்டியதில் பாதியை மாஸ்டர்தான் ஓட்டினார் என்பது பலருக்கு லைசென்ஸ் கைக்கு வந்து, சொந்த வண்டியைத் தனியாக எடுத்த அன்றைக்குத்தான் உறைக்கும்.

முதலில் முதுகுக்குப் பின்னால் 'நாம மாஸ்டர்' என்றார்கள். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. அந்த 'நாம' வண்டியோடு நின்றிருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. அது அவரோடு சேர்ந்து மாடிப்படி ஏறி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மகளுக்குப் பரீட்சை என்றால், 'நமக்கு நாளைக்குக் கணக்கு' என்பார். மார்க் குறைந்தால், 'நாம அறிவியல்ல கொஞ்சம் சறுக்கிட்டோம்' என்பார். அவர் மனைவி பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறவர். அந்த அம்மா வாயைத் திறந்தால் சிரிக்காமல் இருக்க முடியாது. "ஒருநாள் பாப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்து, 'டாக்டர், நமக்குக் கடைவாய்ப் பல்லு வலிக்குது'ன்னாரு. டாக்டர் ரெண்டு பேரையும் நாற்காலியில உக்காரச் சொல்லிட்டாரு" என்று எல்லோரிடமும் சொல்லுவார்.

மாஸ்டருக்கு இன்னொரு குணம் உண்டு. கேள்வி கேட்பது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர் யார், என்ன வேலை, வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணிக்கு எழுந்திருப்பார், தூக்கத்தில் பேசுவாரா, எல்லாம் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. வம்பு பேசுகிறவர் இல்லை. ஒருவரிடம் கேட்டதை இன்னொருவரிடம் சொல்லமாட்டார். மனுஷர்கள் எப்படியெல்லாம் இருக்கிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஆசை, அவ்வளவுதான். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உயிரைக் கையில் வைத்திருக்கிற ஆளுக்குப் பொய் சொல்லத் தோன்றாது என்பது அவர் கட்சி. அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

இந்தக் கேள்விகள் எல்லாம் ஒரு கட்டத்தில் ஒரே இடத்தில் போய்ச் சேர்ந்தன. அந்த இடம் மேட்டுக் கல்லூரி.

கல்லூரிக்கு நீளமான வேறு பெயர் உண்டு. ஆனால் அது ஒரு சரிவின் உச்சியில் இருப்பதால் எல்லோருக்கும் மேட்டுக் கல்லூரிதான். அங்கே படித்தவர்களைப் பற்றி ஊரில் ஒரு தனி மரியாதை. 'அவர் மேட்டுல படிச்சவர்' என்றால் போதும், கடைக்காரர்கூட மீதிச் சில்லறையைக் கொஞ்சம் பணிவாகக் கொடுப்பார். அந்தச் சரிவுதான் மாஸ்டருக்குப் பாடசாலையும். மேட்டில் வண்டியை நிறுத்தி, பின்னால் உருளாமல் மறுபடி கிளப்புவதுதான் பழகுகிறவர்களுக்குச் சிம்ம சொப்பனம். அதற்குத் தோதான மேடு ஊரில் அது ஒன்றுதான். ஆகையால் மாஸ்டர் தினமும் அந்தக் கல்லூரியின் கேட்டுக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். பக்கத்தில் ஒருவர் கிளட்ச்சை விடத் தெரியாமல் வியர்த்துக்கொண்டிருப்பார். வண்டி குலுங்கி அணையும். மறுபடி சாவி திருகும். மாஸ்டர் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே உள்ளே போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருப்பார். வருஷக்கணக்காக வாசலிலேயே நின்றிருக்கிறார். உள்ளே ஒரு எட்டு வைத்ததில்லை. இவர்களையெல்லாம் எப்படிப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்கிற கேள்வி அவர் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் அந்தக் குடைச்சல் ஒரு தீர்மானமாக மாறியது. பாப்பா அங்கேதான் படிக்க வேண்டும்.

விசாரணை தொடங்கிற்று. அந்தக் கல்லூரியில் படித்தவர், படித்தவருக்குத் தம்பி, அங்கே பாடம் நடத்துகிறவருக்குப் பக்கத்து வீடு, யார் வண்டி பழக வந்தாலும் விடமாட்டார். ஆளுக்கொரு கதை சொன்னார்கள். "மார்க்கையே பார்க்க மாட்டாங்க மாஸ்டர், ஆளைத்தான் பார்ப்பாங்க" என்றார் ஒரு கண் டாக்டர். "ஆளாவது ஒண்ணாவது, எல்லாம் மார்க்தான்" என்றார் அடுத்த நாள் வந்த வங்கிக்காரர். ஒரு பெண், "என்கூடப் படிச்சவங்க பாதிப் பேர் ஏதாவது வாசிப்பாங்க" என்று சொல்லி வைத்தாள். அந்த மாசமே வீட்டுக்கு வயலின் வந்தது. மேல் மாடிக்காரர் ஒருநாள் இறங்கி வந்து, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனார். வயலின் போனது. பிறகு நீச்சல். பிறகு சதுரங்கம். இயற்கையில் ஈடுபாடு உள்ள பிள்ளைகளுக்கு அங்கே மவுசு என்று யாரோ சொல்ல, விடிகாலையில் அப்பாவும் மகளும் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைக்குப் பறவை பார்க்கப் போனார்கள். பறவைகள் வந்தனவோ இல்லையோ, மாஸ்டருக்குச் சளி பிடித்துக்கொண்டது.

பாப்பா எதற்கும் மறுப்புச் சொல்லாது. கேட்டால் தலையை ஆட்டும், சொன்னதைச் செய்யும், முடிந்ததும் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டு தெருவைப் பார்க்கும். சாதுவா, அழுத்தமா என்று சொல்ல முடியாத பெண். மார்க் எல்லாம் நன்றாகத்தான் வாங்கினாள். ஆனால் நன்றாக என்பது மேட்டுக்குப் போதுமா என்று மாஸ்டருக்குத் தெரியாதே. ஒருமுறை சுலபமான ஒரு கணக்கில் கூட்டலைத் தவறவிட்டுவிட்டாள். "இதைக்கூடவா நாம தப்புப் பண்ணுவோம்? அங்க வர்ற பிள்ளைங்க யாராவது இதைத் தப்பாப் போடுவாங்களா?" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய்விட்டார். "தட்டு என்னங்க பண்ணுச்சு" என்றார் மனைவி. அதற்கு அவர் சிரிக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. விண்ணப்பத்தோடு ஒரு கட்டுரையும் கேட்டிருந்தார்கள். தலைப்பு, 'நான் கற்றுக்கொண்ட ஓரிடம்'. நூலகம், ஆய்வுக்கூடம், அருங்காட்சியகம் என்று மாஸ்டர் கம்பீரமான இடங்களாக யோசித்து வைத்திருந்தார். அவளோ பழகும் வண்டியின் பின்சீட்டைப் பற்றி எழுதியிருந்தாள். சின்ன வயசில் அம்மா வேலை முடிந்து வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் அப்பா வந்து ஏற்றிக்கொள்வார். அவர் சாயங்கால வகுப்பை முடிக்கும்வரை பின்சீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அந்த வருஷங்களைத்தான் எழுதியிருந்தாள். மாஸ்டருக்கு அது ஒப்பவில்லை. போயும் போயும் பின்சீட்டா?

ஒருநாள் வண்டியில் உட்கார்ந்து அவருக்கு அதை வாசித்துக் காட்டினாள். பாதி வாசிக்கும்போது ஒரு வரி வந்தது. 'ரவுண்டானாவில் யாரும் யாருக்கும் வழி விடுவதில்லை. வழி இருப்பதுபோல் எல்லோரும் நடிக்கிறார்கள், அதனால் வழி கிடைத்துவிடுகிறது.' மாஸ்டர் குறுக்கிட்டு, "இது நான் சொல்றதாச்சே. எல்லார்கிட்டயும் இதைத்தான் சொல்லுவேன்" என்றார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பழக வேண்டிய ஆள் வந்து கதவைத் திறந்துவிட்டார். கட்டுரையை மடித்து வைத்துவிட்டாள். ஊரில் உள்ளவர்களையெல்லாம் துருவித் துருவிக் கேட்கிற மனுஷர், மீதிக் கட்டுரையில் என்ன இருக்கிறது என்று கேட்க மறந்துபோனார்.

நேர்முகத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. வீடே தலைகீழானது. மாணவியோடு தனியாகப் பேசுவார்கள், பிறகு பெற்றோரில் ஒருவரோடு பேசுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். மனைவிக்கு அன்று விடுப்பு கிடைக்கவில்லை. "நல்லா கேட்டுக்குங்க. அவங்க கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. நீங்க பாட்டுக்கு அவங்களைக் கேள்வி கேக்க ஆரம்பிச்சிடாதீங்க" என்று சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே மூன்றாவது முறையாகச் சொன்னார். மாஸ்டர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

கேட்டைத் தாண்டி உள்ளே போனபோது அவருக்கு என்னமோ செய்தது. கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நீளமான தாழ்வாரம், மெழுகு போட்டுத் துடைத்த தரை, சுவரில் வரிசையாகப் பழைய வகுப்புகளின் குழுப்படங்கள். ஒரு மூலையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு வாளி. இவ்வளவு பெரிய கல்லூரியிலும் குழாய் ஒழுகுகிறது என்பது அவருக்கு ஆச்சரியமாகவும் கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது. மகள் முதலில் உள்ளே போய்விட்டு வந்தாள். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. "நல்லாப் பேசினாங்கப்பா" என்றாள். அதற்குள் இவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே கல்லூரி முதல்வர் அம்மா, அவர் பக்கத்தில் தடித்த கண்ணாடி போட்ட ஒரு பேராசிரியர். மேசைமேல் கட்டுரை. முதல்வர் சிரித்த முகமாகத்தான் ஆரம்பித்தார்.

"உங்க பொண்ணு எழுதினது எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது. காரோட பின்சீட்டைப் பத்தி இதுவரைக்கும் யாரும் எழுதினதில்ல. எப்படி இது தோணுச்சு?"

பிடித்திருந்தது என்ற சொல் காதில் விழுந்ததும் மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. "நாம ரொம்ப யோசிச்சோம்ங்க. முதல்ல லைப்ரரியைப் பத்தி எழுதலாம்னுதான் பார்த்தோம். அப்புறம் இதுதான் சரியா வரும்னு நாமளே உக்காந்து எழுதிட்டோம்."

கண்ணாடிக்காரர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. முதல்வர் இன்னும் சிரிப்பு மாறாமல், "நாமன்னா? அதுல என்னையும் சேர்த்துட்டீங்களா?" என்றார்.

"ஐயோ, உங்களை எப்படிங்க. நாங்க. நாங்கதான் எழுதினோம்."

"அப்ப நீங்களும் எழுதினீங்க."

"இல்லைங்க, அவதான் எழுதினா."

"இப்பத்தானே நாங்கன்னு சொன்னீங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

மாஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டார். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. கட்டுரையை வேறு யாரும் தொடக்கூடாது என்பது அந்தக் கல்லூரியின் விதி. தொட்டது தெரிந்தால் விண்ணப்பம் அதோடு சரி. மார்க் எத்தனை இருந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அது தன் பேச்சு வழக்கம் என்று சொல்லப் பார்த்தார். வண்டியில் பக்கத்து சீட்டிலும் பிரேக் இருக்கும், ஆகையால் எல்லாவற்றுக்கும் நாம, நாம என்று வந்துவிடும் என்றார். முதல்வர் நிஜமான ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பிரேக்கை நீங்களும் அழுத்துவீங்கதானே?"

"ஆமாங்க."

"அப்ப அங்க நாமன்னு சொல்றது பொய் இல்ல."

"பொய் இல்லைங்க."

"அப்ப இங்க?"

அதுதான் வேடிக்கை. அவருக்கே அது தெரியவில்லை. கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு மகளை மறுபடி கூப்பிட்டார்கள். வாசலில் இருவரும் ஒருவரை ஒருவர் கடந்தார்கள். "என்னப்பா ஆச்சு?" என்றாள். பேசக்கூடாது என்று அலுவலர் கையைக் காட்டினார். கதவு சாத்திக்கொண்டது.

பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் மகனுக்காகக் காத்திருந்த ஒரு அம்மா, கனமான ஃபைலை மடியில் வைத்தபடி, "என்ன கேட்டாங்க? ரொம்பக் கஷ்டமா?" என்று ஆவலாக விசாரித்தார். வேறு நாளாக இருந்தால் மாஸ்டர் அந்த அம்மாவின் பூர்வோத்தரம் முழுக்க வாங்கியிருப்பார். "ஒண்ணும் இல்லைங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு அவர் தன்னைத்தானே விசாரிக்க ஆரம்பித்தார். இத்தனை வருஷத்தில் அவர் விசாரிக்காமல் விட்டிருந்த ஆள் அவர்தான். கட்டுரையை எழுதியது யார்? பேனா அவளுடையது, கை அவளுடையது. அதில் சந்தேகமில்லை. ஆனால் பின்சீட்டு அவருடைய வண்டியினுடையது. அதில் உட்கார வைத்தது அவர். அவள் கேட்ட பேச்செல்லாம் அவர் பேச்சு. அப்படிப் பார்த்தால் அவள் முழங்கைச் சிராய்ப்பிலிருந்து நடந்துபோகிற விதம்வரை எல்லாவற்றிலும் தன் பங்கு இருக்கிறதே, எங்கே கோடு கிழிப்பது? யோசிக்க யோசிக்கக் குழம்பியது. கடைசியில் ஒன்று மட்டும் நிச்சயமாகப் பட்டது. அந்த ரவுண்டானா வரி. அது அவர் வாயிலிருந்து வந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் அப்படியே எழுதியிருக்கிறாள். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவள் உள்ளே உண்மையைச் சொல்லியிருந்தால், தான் மறைப்பது அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடும். சொன்னாலோ, சீட்டுக்குத் தானே உலை வைத்ததாகிவிடும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவருக்கு.

மகள் வேறு கதவு வழியாக வெளியே போய்விட்டாள்போல. அவரை மட்டும் கூப்பிட்டார்கள்.

"ஒரு வரி என்னோடதுங்க" என்றார் உட்காருவதற்கு முன்பே. "மத்ததெல்லாம் அவ எழுதினது. எந்தப் பிள்ளைமேல வேணும்னாலும் சத்தியம் பண்ணுவேன், எனக்கு இருக்கறதே அவ ஒருத்திதான். அந்த ரவுண்டானா வரி மட்டும் நான் சொல்றது. அதுக்காக அவளை ஒதுக்கிடாதீங்க."

முதல்வரும் கண்ணாடிக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாங்களும் அவகிட்ட அதைத்தான் கேட்டோம்" என்றார் முதல்வர். "இதுல உங்கப்பாவோடது ஏதாவது இருக்கான்னு. ஒரு வரின்னு அவளும் சொன்னா. ஆனா இது இல்ல."

"இது இல்லையா?"

"ரவுண்டானா வரி தன்னோடதுன்னு சொன்னா. மூணாவது படிக்கும்போது பின்சீட்டுல இருந்து சொன்னாளாம். நீங்க விழுந்து விழுந்து சிரிச்சீங்களாம். அதுக்கப்புறம் வண்டி பழக வர்றவங்ககிட்ட எல்லாம் அதை நீங்க சொல்லிக்கிட்டு இருக்கீங்களாம்."

மாஸ்டர் யோசித்துப் பார்த்தார். மழை பெய்த ஒரு சாயங்காலம், பின்னாலிருந்து ஒரு கீச்சுக் குரல், சிரிப்பு அடக்க முடியாமல் தானே பிரேக்கை அழுத்தியது, எல்லாம் மங்கலாக வந்தது. ஆமாம். அவள் சொன்னதுதான். இத்தனை வருஷமும் மகள் பேச்சைத் தன் பேச்சென்று ஊருக்கெல்லாம் விற்றுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப எதுங்க என்னோடது?" என்று கேட்டார். கேள்வி கேட்கக்கூடாது என்று மனைவி சொன்னது மறந்தே போயிற்று.

முதல்வர் கடைசிப் பக்கத்தை எடுத்து வாசித்தார். "'தப்பாப் போனாப் போகட்டும். நான் பக்கத்துல இருக்கேன். தைரியமா எடுங்க.'"

தாளைக் கீழே வைத்தார். "உங்க வண்டியில முதல் நாள் உக்கார்ற எல்லார்கிட்டயும் நீங்க இதைச் சொல்லுவீங்களாம். பயந்து நடுங்கிக்கிட்டு வர்றவங்க தோள் அப்படியே தளர்ந்து இறங்குமாம். ஒரு பேச்சு ஒருத்தரோட தோளை இறக்கும்னு அந்த இடத்துலதான் கத்துக்கிட்டேன்னு எழுதியிருக்கா. உன்கிட்ட அப்பா இதை எப்ப சொன்னாருன்னு அவகிட்ட கேட்டேன்." அவர் கொஞ்சம் தயங்கினார். "எங்கிட்ட சொன்னதில்ல, மத்தவங்ககிட்ட சொல்லும்போது நான் கேட்டுக்குவேன்னு சொன்னா."

மாஸ்டர் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியில் அவர் கண் எப்போதும் சாலையில்தான். பின்சீட்டைப் பார்க்கிற கண்ணாடியில்கூடப் பின்னால் வருகிற வண்டியைத்தான் பார்த்திருக்கிறார்.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றார் முதல்வர். எந்தப் பிள்ளையை எதற்காகப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று கேட்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவருக்கு வாய்க்கப்போவதில்லை.

"இல்லைங்க" என்று எழுந்துகொண்டார்.

வெளியே படியில் மகள் உட்கார்ந்திருந்தாள். "கெடுத்துட்டேனாப்பா நான்?" என்றாள். "நீ எங்க கெடுத்த. நான்தான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இல்ல" என்றார். 'தைரியமா எடுங்க' என்கிற அந்த வாக்கியத்தை இப்போது எடுத்துச் சொன்னால் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்வதுபோல் ஆகிவிடும். முந்திச் சொல்லியிருக்க வேண்டும். இருவரும் சரிவில் இறங்கினார்கள்.

முடிவு வந்தது. கிடைக்கவில்லை.

இரண்டு வரியில் வருத்தம் தெரிவித்திருந்தார்கள், காரணம் எழுதவில்லை. மகள் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே சொன்னாள். வேலையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த மனைவி கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றுவிட்டார். மாஸ்டர் எழுந்து சட்டையை மாட்டினார். "நேராப் போய்க் கேட்டுட்டு வந்துடறேன். என்னாலதான் போச்சா, இல்ல வேற ஏதாவதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

"போய்க் கேளுங்க. உங்களுக்காக நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க" என்றார் மனைவி. குரலில் கேலி இருந்தது, கண்ணில் இல்லை.

மாஸ்டர் படியில் பாதி தூரம் இறங்கினார். அங்கேயே நின்றார். அவர்கள் காரணம் சொன்னாலும் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குத் தோன்றியது. தெரிந்துகொள்ள வேண்டியது அங்கே இல்லை என்றும் தோன்றியது. திரும்பி ஏறி வந்தார். மகள் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தாள். அழவில்லை, அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, அந்தப் பின்சீட்டுல உக்காந்து வேற என்னெல்லாம் கேட்ட நீ?"

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு ஆன்ட்டி வருவாங்கப்பா, உங்களுக்கு ஞாபகம் இருக்கான்னு தெரியல. மேட்டுல திரும்பத் திரும்ப வண்டி அணைஞ்சுபோய் அழுதுட்டாங்க. பின்னாடி வண்டிக்காரங்க எல்லாம் ஹார்ன் அடிச்சாங்க. நீங்க தண்ணி பாட்டிலை எடுத்துக் கொடுத்துட்டு, உங்க வீட்டுல எத்தனை பூனைங்கன்னு கேட்டீங்க. அவங்க பூனையைப் பத்திப் பேசிக்கிட்டே மேட்டை ஏறிட்டாங்க. ஏறினதே அவங்களுக்குத் தெரியல." சொல்லும்போதே லேசாகச் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அன்னைக்குத்தான் என் கணக்கு விடைத்தாளைக் கொடுத்திருந்தாங்க. வீட்டுக்கு வந்து அதைப் பார்த்துட்டு நீங்க தட்டைத் தள்ளிட்டு எழுந்து போயிட்டீங்க."

"அதே நாளா?"

"அதே நாள்தான்ப்பா. நீங்க வண்டியில யாரையும் திட்டினதே இல்ல. வீட்டுக்கு வந்தா மட்டும் ஏன்னு நான் ரொம்ப யோசிப்பேன்."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். மழுப்பலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் கேட்டவிதம் அவர் கேட்கிற விதமாகவே இருந்தது. குற்றம் சாட்டுவதாக இல்லை, தெரிந்துகொள்ள ஆசைப்படுவதாக இருந்தது. அப்படிக் கேட்கிறவர்களிடம் பொய் சொல்ல அவருக்கு வராது.

"அவங்க யாரோம்மா. அவங்க லைசென்ஸ் வாங்கினா என்ன, வாங்காட்டி என்ன. எனக்கு அதுல ஒரு பயமும் இல்ல. உன் விஷயம்னாதான் எனக்கு அடிவயிறு கலங்குது. நீ பொறந்ததுல இருந்து கலங்கிக்கிட்டேதான் இருக்கு. பயம் வந்தா எனக்குக் கோபமா வருது. வேற எப்படி வரணும்னு எனக்குத் தெரியல, பாப்பா." சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி அப்போதுதான் கைப்பையை இறக்கி வைத்தார். மகள் யோசித்தாள்.

"அப்ப கொஞ்ச நாளைக்கு என்னையும் யாரோன்னு நினைச்சுக்குங்களேன்ப்பா."

அதில் குத்தல் இல்லை. ஒரு யோசனையாகத்தான் சொன்னாள். மாஸ்டர் அவளைப் பார்த்தார். பதினெட்டு வயசுப் பெண். நெற்றியில் விழுந்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இவள் எத்தனை மணிக்குத் தூங்குகிறாள், ஜன்னல் வழியாக அப்படி என்ன பார்க்கிறாள், ஒன்றும் அவருக்குத் தெரியாது. எதிரில் இருந்த நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க. நீங்க என்ன படிக்கலாம்னு இருக்கீங்க?"

கேலி செய்கிறாரோ என்று அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தில் கேலி இல்லை.

"தெரியலைங்க" என்றாள். "இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"பரவாயில்லைங்க. யோசிச்சே சொல்லுங்க" என்றார் மாஸ்டர்.